மகாமகோபாத்தியாய சாமிநாதையரும் அவர் தந்தையாரும்

தமிழ்நூற் பதிப்புத்துறையில் தமக்கு ஒப்பாரின்றி விளங்கியவர் மகாமகோபாத்தியாய டாக்டர் உ. வே. சாமிநாதையரவர்கள். 1855ஆம் ஆண்டு பெப்ரவரி மாதம் 19ஆந் திகதி பிறந்து, 1942ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் 28ஆந் திகதி திருக்கழுக்குன்றத்தில் அவர் மறைந்தார். சீவகசிந்தாமணி, பத்துப்பாட்டு, சிலப்பதிகாரம், புறநானூறு, மணிமேகலை முதலிய பழந்தமிழ்ச் செல்வங்களை ஏட்டுச்சுவடிகளிலிருந்து எடுத்து, ஆராய்ந்து அச்சேற்றித் தந்த பெருமை அவருக்குரியது. அவருடைய புலமையைப் பற்றி எழுதினோர் பலர். அப்புலமை முளைவிட்ட காலத்தில் அதற்கு நீரூற்றி வேலியிட்டு நின்ற ஒருவரைப் பற்றி எழுதினோர் சிலரே. அவர்தாம் ஐயரவர்களின் தந்தையார் வேங்கடசுப்பையர். பிள்ளைகளின் படிப்பே பெற்றாரின் பெருங் கவலையாகிவிட்ட இக்காலத்தில், அத்தந்தையாரின் வரலாற்றை நமது சங்கத்து இளைஞரும் முதியோரும் ஒருங்கே சிந்திப்பது நன்றெனக் கருதி இக்கட்டுரையை எழுதுகிறோம்.

வேங்கடசுப்பையர் பாபநாசத்தை அடுத்த உத்தமதானபுரம் என்னும் சிற்றூரினர், சங்கீத வித்துவான். உடையார்பாளையம் சமஸ்தானத்திற் புகழ்பெற்று விளங்கிய கனம் கிருஷ்ணையரிடம் முறையாக இசை பயின்றவர். நிலபுலம் மிகுந்த குடும்பமன்று. ஊரூராகச் சென்று இராமாயணப் பிரசங்கம் செய்து, கேட்ட அன்பர்கள் மனமுவந்து கொடுப்பதைக் கொண்டே அவர் குடும்பத்தை நடத்தினார். மனைவியார் சரசுவதியம்மாள் அக்குறைந்த வருவாயைக் கொண்டு இல்லறத்தைக் குறைவின்றி நடத்திய உத்தமி. இவ்விருவருக்கும் மூத்த புதல்வராகத் தாயார் பிறந்த ஊராகிய சூரியமூலையில் ஐயரவர்கள் பிறந்தார். இட்ட பெயர் வேங்கடராமன். வீட்டில் அழைத்த பெயர் சாமிநாதன்.

தந்தை சங்கீத வித்துவானாயின் மகனும் சங்கீத வித்துவானாதல் அக்கால வழக்கு. வேங்கடசுப்பையரும் அவ்வாறே விரும்பினார். தாம் அரிதில் தேடிய வித்தை தம்மோடு அழியாமல் மகனிடத்தில் வாழவேண்டும் என்று ஒருவர் எண்ணுவதிற் குற்றமில்லை. ஆதலால் இளமையிலேயே மகனுக்கு இசைப்பயிற்சி தொடங்கப்பட்டது. பிள்ளைக்குச் சாரீரமும் இருந்தது. பயிற்சியை அவர் வெறுக்கவுமில்லை. ஆயினும் அவர் உள்ளம் வேறொன்றை நாடியது. திண்ணைப் பள்ளிக்கூடத்தில் மனனஞ் செய்த தமிழ்ச் செய்யுட்களின் சுவையே அவரைப் பற்றிக்கொண்டது.

அக்காலத்தில் தமிழ் படிப்பதனால் என்ன பயன் என்று கேட்போரே மிகுதி. ஆங்கிலம் கற்றால் உத்தியோகம் கிடைக்கும்; வடமொழி கற்றால் மறுமைக்கு உதவும்; தமிழ் கற்றால் இரண்டுமில்லை என்பதே உற்றார் பலருடைய துணிபு. ஒரு பக்கம் தமது குலவித்தை. மற்றொரு பக்கம் உலகத்தார் காட்டிய உத்தியோக வழி. இரண்டிற்கும் நடுவே, எவருக்கும் விளங்காத ஓர் ஆசையோடு நின்ற மகன். இந்நிலையில் ஒரு தந்தை யாது செய்வார்? மகனைக் கடிந்து தம் வழிக்குத் திருப்பலாம். அல்லது எக்கேடாவது கெடு என்று கைவிடலாம். வேங்கடசுப்பையர் இவ்விரண்டினையும் செய்யவில்லை. மகன் விரும்பிய கல்வியை முறையாகக் கற்பிக்கத் தக்க ஆசிரியர் யாரென்று தேடப் புறப்பட்டார்.

அத்தேட்டத்தின் வரலாறே ஐயரவர்களின் இளமை வரலாறு. அரியலூரிற் குடும்பம் இருந்த காலத்திற் சடகோபையங்கார் என்னும் புலவரிடம் மகன் பாடங் கேட்டார். தமிழின் சுவையை முதன்முதல் அவருக்குக் காட்டியவர் அப்பெரியாரே. பின்னர்க் குன்னத்திற் சிதம்பரம் பிள்ளையிடமும், கார்குடியிற் கஸ்தூரி ஐயங்காரிடமும், செங்கணத்தில் விருத்தாசல ரெட்டியாரிடமும் படிப்புத் தொடர்ந்தது. ஓரிடத்தில் ஒருவர் அறிந்ததையெல்லாம் மகன் கற்று முடித்தால், அடுத்த ஆசிரியர் இருக்கும் ஊருக்குத் தந்தையார் குடும்பத்தையே பெயர்ப்பார். ஊர் மாறும்போதெல்லாம் புதிய இடத்திற் பிரசங்கத்திற்கு ஆதரவு தேடவேண்டும். குடியிருக்க வீடு தேடவேண்டும். சரசுவதியம்மாள் மீண்டும் அடுப்பு மூட்டவேண்டும். இவையனைத்தும் வருவாய்க்கு வழியென்று எவரும் ஒப்பாத ஒரு படிப்பிற்காகச் செய்யப்பட்டவை. இதனை நாம் ஊன்றி நோக்குதல் வேண்டும்.

விருத்தாசல ரெட்டியார் முதலியோர் வாயிலாகத் திரிசிரபுரம் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையவர்களின் பெருமையைக் கேட்ட நாள் முதல், அவரிடம் சேரவேண்டும் என்பதே மாணவரின் கனவாயிற்று. 1871ஆம் ஆண்டில், தம் பதினேழாம் வயதில், தந்தையாருடன் மாயூரஞ் சென்று பிள்ளையவர்களைக் கண்டார். பிள்ளையவர்கள் உடனே இசைந்தாரல்லர். வருகின்ற மாணாக்கர் பலர் சிலகாலம் படித்துவிட்டு இடையிற் போய்விடுகின்றனர் என்பது அவர் மனக்குறை. வேங்கடசுப்பையர் தம் மகனை அவரிடமே ஒப்புவித்துவிடுவதாகவும், எத்தனை காலமாயினும் இருந்து படிக்க விடுவதாகவும் உறுதி கூறினார். மகனுடைய உணவுக்கு வேண்டிய ஏற்பாட்டையும் தாமே பார்த்துக்கொள்வதாக ஏற்றார். பிரசங்க வருவாயையன்றி வேறு ஆதாரமில்லாத ஒருவர் இவ்வாறு ஏற்பது எளிய காரியமன்று.

மாயூரத்தில் ஒரு சோதனை வந்தது. நந்தனார் சரித்திரக் கீர்த்தனை பாடிய கோபாலகிருஷ்ண பாரதியார் அப்போது அவ்வூரில் இருந்தார். வேங்கடசுப்பையருக்கு அவர் பழக்கமானவர். தமிழ் படிக்கும் மகன் குலவித்தையையும் முற்றும் மறந்துவிடலாகாது என்று எண்ணிய தந்தையார், பாரதியாரிடம் இசை பயிலும்படி ஏற்பாடு செய்தார். தமிழுக்கு வழிவிட்ட பின்னரும் அவர் உள்ளத்தில் அப்பழைய ஆசை நீங்கவில்லை என்பது இதனால் விளங்கும். ஆனால் இச்செய்தி பிள்ளையவர்களுக்குத் தெரிந்தபோது அவர் மகிழவில்லை. சங்கீதத்தில் மனம் இழுபட்டால் இலக்கண இலக்கியங்களில் அறிவு ஊன்றாது என்பது அவர் கருத்து. மாணவர் அன்றோடு இசைப்பயிற்சியை நிறுத்திக்கொண்டார்.

பிள்ளையவர்களின் கருத்து முற்றும் சரியென்று நாம் சொல்லவேண்டியதில்லை. இசையும் தமிழும் ஒன்றையொன்று வளர்க்கும் என்பதற்குச் சான்றுகள் பலவுள. நாம் இங்கே கவனிக்கவேண்டியது தந்தையாரின் நிலையையே. தம் வாழ்நாள் வித்தையைத் தம் மகன் கைவிட்ட நிலையிலும், அவரைப் பிள்ளையவர்களிடமிருந்து அவர் பிரித்துக்கொண்டு செல்லவில்லை. தம் ஆசையிலும் மகனுடைய கல்வி பெரிதென்று அடங்கினார்.

மாணவரும் வாளா இருந்தவரல்லர். தொடக்கத்திற் பிள்ளையவர்கள் தாமே பாடஞ் சொல்லாமல், மூத்த மாணாக்கர் ஒருவரிடம் படிக்கும்படி விட்டிருந்தார். ஆசிரியரிடம் நேரே பாடங் கேட்கவேண்டும் என்று ஏங்கிய ஐயரவர்கள், அவருக்கு மரஞ்செடிகளில் இருந்த அன்பைக் கண்டுகொண்டார். நாள்தோறும் விடியற்காலையிலே எழுந்து, தோட்டத்திற் புதிதாக விட்ட தளிர்களைப் பார்த்துவைத்து, ஆசிரியர் வரும்போது ஒவ்வொன்றாகக் காட்டினார். அவ்வாறு ஆசிரியர் உள்ளத்தில் இடம்பெற்ற பின்னர்த் தம் விருப்பத்தைப் பணிவோடு தெரிவித்து, அவரிடமே பாடங் கேட்கத் தொடங்கினார். தந்தையார் வாயில் வரையிற் கொண்டுவந்து விடலாம். உள்ளே புகவேண்டியவர் மகனே. இதனை நமது இளைஞர் மறத்தலாகாது.

இவ்வரலாற்றில் ஒரு வருத்தமான பகுதியும் உண்டு. அக்கால வழக்கப்படி 1868ஆம் ஆண்டில், பதினான்காம் வயதிலேயே, ஐயரவர்களுக்கு விவாகம் நடந்துவிட்டது. தம் மகனின் விவாகத்தைக் குறைவின்றி நடத்தவேண்டும் என்ற எண்ணத்தால் தந்தையார் கடன்பட்டார். அக்கடன் மகனுடைய கல்வியின் குறுக்கே வந்தது. இடையில் அம்மை நோயினால் வருந்தி ஊருக்கு வந்த ஐயரவர்கள், நலமடைந்த பின் உடனே ஆசிரியரிடம் செல்ல முடியவில்லை. காரை என்னும் ஊரில் திருவிளையாடற் புராணப் பிரசங்கம் செய்து, அதில் வந்த பொருளைக்கொண்டு கடனைத் தீர்க்க உதவவேண்டியதாயிற்று. அன்புள்ள பெற்றாரும் ஊரார் மதிப்பை எண்ணிச் செய்யும் சில காரியங்கள் பிள்ளையின் தோளில் எவ்வாறு சுமையாக இறங்குகின்றன என்பதற்கு இஃது ஒரு சான்று. ஆயினும், பொருள் வரத்தொடங்கியது என்பதற்காக மகனைப் பிரசங்கத்திலேயே நிறுத்திவிடத் தந்தையார் எண்ணவில்லை. ஐயரவர்கள் மீண்டும் பிள்ளையவர்களிடமே சென்று சேர்ந்தார். 1876ஆம் ஆண்டு பெப்ரவரி முதலாந் திகதி ஆசிரியர் இறைவன் திருவடி சேரும் வரையில் அவரைப் பிரியாது பயின்றார்.

பின்னர்த் திருவாவடுதுறை ஆதீனத் தலைவர் சுப்பிரமணிய தேசிகர் அவரை ஆதரித்தார். 1880ஆம் ஆண்டிற் கும்பகோணம் அரசாங்கக் கல்லூரியில் தமிழாசிரியராயிருந்த தியாகராச செட்டியார் ஓய்வு பெற்றபோது, அவருடைய பரிந்துரையினால் அப்பதவி ஐயரவர்களுக்குக் கிடைத்தது. தமிழ் படித்தால் வாழ வழியில்லை என்று கூறியோர் கண்முன்னே, தமிழே அவருக்கு உத்தியோகத்தையும் தந்தது. அவ்வாண்டு ஒக்டோபர் 21ஆந் திகதி அவர் சேலம் இராமசுவாமி முதலியாரைச் சந்தித்தார். தாம் கற்ற அந்தாதி, பிள்ளைத்தமிழ், கோவை முதலியவற்றின் வரிசையை ஐயரவர்கள் சொல்ல, முதலியார் அவற்றால் வியப்படையாமற் சீவகசிந்தாமணி முதலிய பழைய நூல்களைப் பற்றி வினாவினார். ஐயரவர்களின் வாழ்க்கை அன்று திசை திரும்பியது. 1887இற் சிந்தாமணியும், 1889இற் பத்துப்பாட்டும், 1892இற் சிலப்பதிகாரமும், 1894இற் புறநானூறும், 1898இல் மணிமேகலையும் வெளிவந்தன. அக்காலத்திற் பழந்தமிழ் நூல்களைப் பதிப்பித்து வந்த மற்றொரு பெரியார் நம் நாட்டுச் சிறுப்பிட்டியிற் பிறந்த சி. வை. தாமோதரம்பிள்ளையவர்கள். அவர் கலித்தொகையைப் பதிப்பித்ததும் அதே 1887ஆம் ஆண்டில் என்பதை நினைக்கும்போது நமக்கு மகிழ்ச்சி உண்டாகின்றது.

1906இல் மகாமகோபாத்தியாயப் பட்டமும், 1932இற் சென்னைப் பல்கலைக்கழகத்தின் டாக்டர் பட்டமும் ஐயரவர்களை வந்தடைந்தன. இப்புகழை அரியலூரிலும் குன்னத்திலும் வேங்கடசுப்பையர் கண்டாரா? பழைய நூல்கள் அச்சேறும், அவற்றை நாடு போற்றும் என்று அவருக்கு யார் சொன்னார்? மகன் அடையப்போகும் பயனைக் கணக்கிட்டு அவர் ஊர் ஊராக அலையவில்லை. மகனுக்கு ஒன்றில் உண்மையான பற்று இருக்கின்றது. அப்பற்றுக்குத் தக்க ஆசிரியர் வேண்டும். கற்பதை இடைவிடாது கற்கவேண்டும். இவ்வளவே அவர் எதிர்பார்த்தது.

இங்கே ஒரு வேறுபாட்டைக் காண்கிறோம். பிள்ளை உழைக்கவேண்டும் என்று எதிர்பார்ப்பது ஒன்று. பிள்ளை இன்னதாகவே ஆகவேண்டும் என்று எதிர்பார்ப்பது மற்றொன்று. வேங்கடசுப்பையர் முன்னதை ஒருபோதும் தளர்த்தவில்லை. பின்னதைக் காலமறிந்து விட்டுக்கொடுத்தார். இரண்டையும் தளர்த்தியிருந்தால் மகன் பாதிவழியில் நின்றிருப்பார்; இரண்டையும் இறுகப் பிடித்திருந்தால், நம் மொழிக்கு ஒரு சாமிநாதையர் கிடைத்திருக்கமாட்டார்.

இன்று நம் நாட்டில் ஐந்தாந் தரப் புலமைப்பரிசிற் பரீட்சை தொடக்கம் உயர்தரப் பரீட்சை வரையிற் பிள்ளைகள் படும் பாட்டை நாம் அறிவோம். பாடசாலை விட்டதும் தனியார் வகுப்பு, வகுப்பு விட்டதும் வீட்டுப்பாடம் என்று ஓடும் பத்து வயதுப் பிள்ளையிடம், அயல்வீட்டுப் பிள்ளை பெற்ற புள்ளியைச் சொல்லிக் காட்டும் பெற்றாரையும் காண்கிறோம். வைத்தியராகாவிடின், பொறியியலாளராகாவிடின், வாழ்வே இல்லையென்று பிள்ளை எண்ணும்படி பேசுவது ஊக்கமாகாது. அதற்காக, பிள்ளை படித்தாலும் படிக்காவிட்டாலும் சரியென்று வாளா இருப்பதும் அன்பாகாது. பிள்ளையின் உள்ளம் எதில் ஊன்றுகின்றது என்று பொறுமையோடு பார்த்து, அதற்குரிய ஆசிரியரையும் நூலையும் தேடிக்கொடுத்து, கற்பதில் தளராது நிற்கச் செய்வதே பெற்றார் கடன். இளைஞரும் ஒன்றை உணரவேண்டும். விரும்பிய துறையைக் கேட்டுப் பெறுவோர் அத்துறையில் விடியற்காலையில் எழுந்து தளிர் எண்ணவும் ஆயத்தமாயிருத்தல் வேண்டும்.

ஐயரவர்கள் தம் முதுமையில், தம் ஆசிரியர் பிள்ளையவர்களின் சரித்திரத்தை இரண்டு பாகங்களாக எழுதி 1933, 1934ஆம் ஆண்டுகளில் வெளியிட்டார். அதனோடமையாது, கனம் கிருஷ்ணையர், கோபாலகிருஷ்ண பாரதியார், மகா வைத்தியநாதையர் என்னும் சங்கீத வித்துவான்களின் வரலாறுகளையும் எழுதினார். தந்தையார் ஊட்டிய இசை, தமிழ் உரைநடையாக மாறி மகனிடத்தில் வாழ்ந்தது. வேங்கடசுப்பையர் விட்டுக்கொடுத்த ஆசை முற்றும் வீணாகவில்லை என்பதை நினைந்து நாம் அமைதியடைகிறோம்.