ஜோசப் லூயி கே-லூசாக்

ஜோசப் லூயி கே-லூசாக் (டிசம்பர் 6, 1778 – மே 9, 1850) ஒரு பிரெஞ்சு வேதியியலாளரும் இயற்பியலாளரும் ஆவார். வளிமங்களின் பண்புகள் குறித்த விதிகளுக்காக இவர் பெரிதும் அறியப்படுகிறார். கரைசல்களைக் கன அளவால் அளந்து, அவற்றிலுள்ள பொருளின் அளவைக் கண்டறியும் பருமனறி பகுப்பாய்வை நம்பகமான முறையாக நிலைநிறுத்தியவர்களுள் முதன்மையானவர். மாணவர் ஆய்வுக்கூடங்களில் பயன்படும் பிப்பெட், பியூரெட் என்னும் கருவிகளின் பெயர்கள், இவர் 1824 ஆம் ஆண்டில் வெளியிட்ட கட்டுரையின் வழியே வேதியியலில் நிலைபெற்றன.

இளமையும் கல்வியும்

கே-லூசாக், பிரான்சின் நடுப்பகுதியிலுள்ள செயின்ட்-லெயோனார் என்னும் சிற்றூரில் பிறந்தார். தந்தை அந்துவான் கே ஒரு வழக்கறிஞர். குடும்பத்துக்குச் சொந்தமான லூசாக் என்னும் நிலத்தின் பெயரும் குடும்பப் பெயருடன் சேர்ந்துகொண்டது. பிரெஞ்சுப் புரட்சியின்போது தந்தை கைது செய்யப்பட்டதால் இவரது கல்வி தடைப்பட்டது. பின்னர் பாரிசு சென்று, 1797 இல் எக்கோல் பாலிடெக்னிக்கில் சேர்ந்தார். அங்குப் புகழ்பெற்ற வேதியியலாளர் குளோட் லூயி பெர்த்தோலேயின் கவனத்தைப் பெற்று, அவருடைய ஆய்வு உதவியாளரானார்.

வளிமங்கள் பற்றிய ஆய்வுகள்

அழுத்தம் மாறாதபோது எல்லா வளிமங்களும் வெப்பநிலை உயர்வுக்கேற்ப ஒரே அளவில் விரிவடைகின்றன என்பதை 1802 இல் வெளியிட்டார். இதையொத்த முடிவை ஜாக் சார்லசு முன்னரே கண்டிருந்தும் வெளியிடவில்லை என்பதைத் தம் கட்டுரையிலேயே குறிப்பிட்டார். அதனால் இவ்விதி இன்று சார்லசு விதி எனவும் வழங்குகிறது.

1804 ஆகத்து மாதம் ழான்-பத்தீசுத்து பியோவுடன் பலூனில் வானேறினார். செப்டம்பர் 16 அன்று தனியாக ஏறி, 7,016 மீட்டர் உயரத்தை அடைந்தார். ஏறத்தாழ அரை நூற்றாண்டுக் காலம் இவ்வுயரத்தை எவரும் விஞ்சவில்லை. அங்கிருந்து குடுவையில் கொண்டுவந்த காற்றைப் பகுத்தாய்ந்து, அதன் கூறுகளின் விகிதம் தரைமட்டக் காற்றினின்று வேறுபடவில்லை எனக் கண்டார்.

அலெக்சாண்டர் வான் அம்போல்ட்டுடன் இணைந்து, இரு பங்கு ஐதரசனும் ஒரு பங்கு ஆக்சிசனும் கூடி நீர் உருவாவதை 1805 இல் துல்லியமாக நிறுவினார். இதனைத் தொடர்ந்து, வளிமங்கள் எளிய முழு எண் விகிதங்களிலேயே கன அளவில் கூடுகின்றன என்னும் விதியை 1808 இல் அறிவித்தார். 1811 இல் அவகாதரோ தம் கருதுகோளை உருவாக்க இவ்விதியே அடிப்படையாயிற்று.

லூயி ழாக் தெனாருடன் சேர்ந்து 1808 இல் போரான் தனிமத்தைப் பிரித்தெடுத்தார். அதே காலத்தில் அம்பிரி டேவியும் இங்கிலாந்தில் அதனைப் பிரித்தார். அவ்வாண்டு பொட்டாசியத்தைக் கொண்டு செய்த ஆய்வில் ஏற்பட்ட வெடிப்பில் இவருடைய கண்கள் பாதிக்கப்பட்டன. எனினும் ஆய்வுப்பணியைக் கைவிடவில்லை. 1815 இல் சயனோசன் வளிமத்தைக் கண்டறிந்தார்.

பிப்பெட்டும் பியூரெட்டும்

பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பிரான்சின் துணி ஆலைகள் வெளுப்பதற்குக் குளோரின் சேர்மங்களைப் பெருமளவில் பயன்படுத்தின. வெளுக்கும் தூள் சேமித்து வைக்கையில் வீரியம் குறையும். வீரியம் குறைந்தால் துணி வெளுக்காது. மிகுந்தால் நூலிழை சிதையும். வாங்குவோருக்கும் விற்போருக்கும் இடையே விலை குறித்த பூசலும் எழுந்தது. எனவே எளிய சோதனை ஒன்று தேவைப்பட்டது. பிரான்சுவா தெக்ரவாசில் என்பவர் இதற்கான அளவுக் குழாய்களை முன்னரே உருவாக்கியிருந்தார்.

கே-லூசாக் இம்முறையைச் செம்மைப்படுத்தி 1824 இல் வெளியிட்டார். குறிப்பிட்ட அளவு குளோரின் கரைசல் எவ்வளவு அவுரிக் கரைசலின் நிறத்தை நீக்குகிறது என்பதைக் கொண்டு அதன் வீரியம் கணக்கிடப்பட்டது. இதில் நிலையான அளவை எடுத்துத் தரும் குழாயைப் பிப்பெட் என்றும், சிறிது சிறிதாக ஊற்றி அளக்கும் குழாயைப் பியூரெட் என்றும் அழைத்தார். பிப்பெட் என்பது பிரெஞ்சு மொழியில் சிறுகுழல் எனப் பொருள்படும். இலங்கைத் தமிழ்ப் பாடநூல்களில் இவை முறையே குழாயி, அளவி எனப்படுகின்றன.

1828 இல் கார அளவீட்டு முறையை வெளியிட்டார். கண்ணாடி, சவர்க்காரத் தொழில்களுக்குரிய சோடா, பொட்டாசு ஆகியவற்றின் தரத்தை இதன்மூலம் அறிய முடிந்தது.

வெள்ளிச் சோதனை

1829 இல் பாரிசு நாணயச் சாலையின் தலைமைச் சோதனையாளராக நியமிக்கப்பட்டார். அதுவரை வெள்ளியின் தூய்மை, எலும்புச் சாம்பலாலான கிண்ணத்தில் ஈயத்துடன் உருக்கிக் காணப்பட்டது. இதில் வெள்ளியின் ஒரு சிறு பகுதி கிண்ணத்தால் உறிஞ்சப்பட்டதால், உண்மையான தூய்மையைவிடக் குறைவான மதிப்பே கிடைத்தது. நாட்டின் நாணயங்கள் அனைத்தும் இப்பிழையைச் சுமந்திருந்தன.

கே-லூசாக் வெள்ளியை நைத்திரிக் அமிலத்தில் கரைத்து, அதில் உப்புக் கரைசலைச் சேர்த்தார். 100 மி.லி. பிப்பெட் ஒருமுறை தரும் கரைசல், சரியாக ஒரு கிராம் தூய வெள்ளியை வீழ்படிவாக்கும் வகையில் தயாரிக்கப்பட்டது. எஞ்சிய வெள்ளி, பத்து மடங்கு நீர்த்த கரைசலை ஒவ்வொரு மில்லிலிட்டராகச் சேர்த்து அளக்கப்பட்டது. அவ்வாறு சேர்த்த ஒவ்வொரு மில்லிலிட்டரும் ஒரு மில்லிகிராம் வெள்ளிக்கு ஈடாகும். 1832 இல் நூலாக வெளியான இம்முறை பல நாட்டு நாணயச் சாலைகளிலும் ஏற்கப்பட்டது. நீண்ட பயிற்சி பெற்ற கைகளால் மட்டுமே இயன்ற சோதனையை, அறிவுறுத்தலைப் பின்பற்றும் எவரும் செய்யக்கூடியதாக மாற்றியதே இதன் சிறப்பாகும்.

மாணவர் ஆய்வுக்கூடங்களில் தாக்கம்

செருமானியரான யூசுடசு வான் லீபிக், இளமையில் கே-லூசாக்கின் ஆய்வுக்கூடத்தில் பணியாற்றினார். பின்னர் 1824 இல் கீசன் பல்கலைக்கழகத்தில் சேர்ந்து, மாணவர்கள் தம் கைகளாலேயே சோதனை செய்து கற்கும் ஆய்வுக்கூடத்தை வளர்த்தெடுத்தார். இக்கல்விமுறை உலகெங்கும் பரவியது.

தமிழ்நாட்டில் மேல்நிலைப் பள்ளி வேதியியல் செய்முறைத் தேர்வில் தரம்பார்த்தல் நெடுங்காலமாக இடம்பெற்று வருகிறது. மாணவர் 20 மி.லி. பிப்பெட்டால் கரைசலை எடுத்துக் கூம்புக் குடுவையில் விடுவர். நிறமாற்றம் தெளிவாகத் தெரியக் குடுவையின் அடியில் வெள்ளைப் பீங்கான் ஓடு வைக்கப்படும். கரைசலின் பிறைவடிவ மேற்பரப்பின் அடிப்பகுதி, பிப்பெட்டின் குறியீட்டுக் கோட்டைத் தொடவேண்டும். நுனியில் எஞ்சும் துளியை ஊதி வெளியேற்றக் கூடாது; அத்துளியைக் கழித்தே அளவு குறிக்கப்பட்டுள்ளது.

கடலூர் மாவட்டத்திலுள்ள விருத்தாசலம் பீங்கான் தொழிலுக்குப் பெயர்பெற்றது. பீங்கான் தொழில்நுட்பத்துக்கெனத் தனிப் பல்தொழில்நுட்பக் கல்லூரியும் அங்கு நிறுவப்பட்டது. இத்தொழிலின் மூலப்பொருட்களான களிமண், சுண்ணாம்புக்கல் ஆகியவற்றிலுள்ள இரும்பு, கால்சியம் அளவுகளைக் காணத் தரம்பார்த்தல் பயன்படுகிறது. பீங்கான் மெருகுப் பூச்சில் சேர்க்கப்படும் வெண்காரம், கே-லூசாக் பிரித்தெடுத்த போரானின் சேர்மமாகும்.

கே-லூசாக் காலத்தில் பிப்பெட்டை வாயால் உறிஞ்சுவதே வழக்கம். நச்சுப் பொருட்களும் நோய்க்கிருமிகளும் உடலுக்குள் செல்லும் ஆபத்து இருப்பதால் இவ்வழக்கம் கைவிடப்பட்டு, இரப்பர்க் குமிழ்கள் பயன்படுத்தப்படுகின்றன. மிகச்சிறு அளவுகளை எடுக்க உதவும் உந்துதண்டு நுண்பிப்பெட்டை, செருமனியின் மார்பர்க்கில் ஐன்றிச் சினிட்கர் 1957 இல் உருவாக்கினார்.

பிற்கால வாழ்வு

1809 இல் ழெனவியேவ் ரோழோ என்பவரைக் கே-லூசாக் மணந்தார். துணிக்கடையில் பணிபுரிந்த அவர் வேதியியல் நூலொன்றைப் படித்துக்கொண்டிருந்ததைக் கண்டு இவர் வியந்ததாகக் கூறப்படுகிறது. இவர்களுக்கு ஐந்து பிள்ளைகள்.

1831 இல் பிரெஞ்சு நாடாளுமன்றத்துக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார். செயின்ட்-கோபேன் கண்ணாடி நிறுவனத்துக்கும் அறிவுரைஞராக இருந்தார். கந்தக அமில உற்பத்தியில் வீணாகும் நைத்திரசன் ஆக்சைடுகளை மீட்கும் கோபுரம் இவருடைய பெயரால் அழைக்கப்படுகிறது. 1850 மே 9 அன்று பாரிசில் காலமானார். ஈபெல் கோபுரத்தில் பொறிக்கப்பட்ட 72 அறிஞர்களின் பெயர்களுள் இவருடையதும் ஒன்றாகும்.