பேரரசர் பீட்டர்

வெற்றியால் செருக்குற்று வீழ்ந்த வேந்தர் பலர். தோல்வியை ஆசானாகக் கொண்டு உயர்ந்த வேந்தர் சிலர். அச்சிலருள் ஒருவர் உருசிய நாட்டை ஆண்ட பீட்டர் ஆவார்.

அவர் 1672-ஆம் ஆண்டில் மாசுகோ நகரில் பிறந்தார். 1682-இல் தம் தமையனாரோடு ஒருங்கே முடிசூட்டப் பெற்றார். தமக்கையார் சோபியா ஆட்சிப் பொறுப்பை ஏற்றார். நகர்ப்புறத்துச் சிற்றூர் ஒன்றில் வளர்ந்த பீட்டர், சிறுவர்களைத் திரட்டி விளையாட்டுப் படை ஒன்றை அமைத்தார். மன்னராயினும் அதில் அவர் தலைமை பூணவில்லை. முரசறையும் பணியில் தொடங்கி, பீரங்கி இயக்கவும் அரண் அமைக்கவும் பிறருள் ஒருவராய்ப் பயின்றார்.

ஆட்சி தம் கைக்கு வந்தபின், 1695-இல் துருக்கியரது அசோவ்க் கோட்டையை முற்றுகையிட்டார். கப்பல்கள் இன்மையால் முயற்சி வீணாயிற்று. அவர் சோர்ந்திலர், குளிர்காலத்திலேயே கப்பல்கள் கட்டுவித்து, மறு ஆண்டே அக்கோட்டையைக் கைப்பற்றினார். பின்னர் ஆலந்து நாட்டிற்குச் சென்று, வேந்தர் என்னும் பெருமையை மறைத்துத் தச்சரோடு தச்சராய்க் கப்பல் தொழில் கற்றார்.

அக்காலத்து உருசியத் துப்பாக்கி வீரர், தந்தைக்குப்பின் மைந்தர் என வழிவழி வந்தவர், வாணிகமும் செய்தவர், புதுமையை வெறுத்தவர். 1698-இல் அவர்கள் கலகம் செய்தபோது, பீட்டர் நூற்றுக்கணக்கானோரைக் கொல்வித்தார். அக்கொடுமை அவர் புகழில் படிந்த மாசேயாகும்.

1700-இல் பால்டிக்குக் கடற்கரையை விரும்பிச் சுவீடனோடு போர் தொடுத்தார். விரைந்து திரட்டிய புதுப்படை நார்வாக் கோட்டையை வளைத்து நின்றது. பதினெட்டு வயதே நிரம்பிய சுவீடன் மன்னர் பன்னிரண்டாம் சார்லசு, பனிப்புயலினூடே பாய்ந்து, தம் படையினும் மும்மடங்கு பெரிய அப்படையைச் சிதறடித்தார். பீரங்கிகள் அனைத்தும் பறிபோயின. போருக்கு முன்னரே பாசறையை நீங்கியிருந்த பீட்டரைப் பிற நாட்டார் எள்ளி நகையாடினர்.

பீட்டர் நாணினார், ஆயினும் நலியவில்லை. சார்லசு போலந்தின்மேற் சென்ற காலத்தை நற்காலமாகக் கொண்டார். கோயில் மணிகளை உருக்கிப் பீரங்கிகள் வார்ப்பித்தார். 1701-இல் மாசுகோவில் கணிதமும் கடற்பயணமும் கற்பிக்கும் பள்ளியை நிறுவினார். 1705-இல் இருபது குடிக்கு ஒருவர் படையிற் சேர வேண்டும் என விதித்தார். சென்றவர் வாழ்நாள் முழுதும் பணிபுரிய வேண்டியிருந்தமையால், இறந்தாரை வழிவிடுவார் போல உறவினர் அழுது விடுத்தனர். புதுப்படையின் வலிமைக்கு ஏழை உழவர் செலுத்திய விலை அது. செல்வர் மைந்தரும் எளிய வீரராகவே பணி தொடங்குமாறு பீட்டர் ஆணையிட்டார்.

1709-இல் பொல்ட்டாவாவில் இரு படைகளும் மீண்டும் எதிர்ந்தன. இம்முறை பீட்டர் களத்தின் நடுவே நின்றார். ஒரு குண்டு அவர் தொப்பியைத் துளைத்துச் சென்றது. சுவீடன் படை முறிந்தது. காயமுற்றிருந்த சார்லசு துருக்கிக்குத் தப்பியோடினார். அன்று நிகழ்ந்த விருந்தில், சிறைப்பட்ட சுவீடன் தளபதிகளைத் தம் போராசிரியர் எனப் பீட்டர் போற்றினார் என்பர்.

1721-இல் உடன்படிக்கை ஏற்பட்டது. பால்டிக்குக் கரை உருசியாவிற்கு உரியதாயிற்று. பிறப்பால் அன்றிப் பணியால் உயர்வு எய்தும் பதவி முறையை 1722-இல் வகுத்த பீட்டர், 1725-இல் மறைந்தார். தம் குறையைத் தாமே உணர்ந்து, பகைவரிடத்தும் கற்கத் துணிந்தமையே அவர் வெற்றியின் வித்தாகும்.