உறைந்த கடலின் ஓட்டம்

கடலின் மேற்பரப்பைக் கண்ணால் காணலாம். அதன் ஆழத்தில் நிகழும் ஓட்டத்தைக் காண இயலாது. வடதுருவத்தைச் சூழ்ந்துள்ள ஆர்க்டிக் பெருங்கடலிலோ மேற்பரப்பும் பனிப்பாளங்களால் மூடிக் கிடக்கிறது. அப்பனியின் அடியில் இருப்பது நிலமா, ஆழமற்ற நீரா, அந்நீர் அசைகிறதா என்பதைப் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதிவரை எவரும் உறுதியாக அறிந்திருக்கவில்லை. அவ்வினாக்களுக்கு விடை காணத் தம் உயிரையும் பன்னிரு தோழர்களின் உயிரையும் கடலின் ஓட்டத்திடமே ஒப்படைத்தவர் ஃபிரிட்யோஃப் நான்சென்.

இளமையும் கல்வியும்

நான்சென் 1861ஆம் ஆண்டு அக்டோபர் 10ஆம் நாள், இன்று ஆஸ்லோ என வழங்கும் நார்வேயின் தலைநகர் கிறிஸ்டியானியாவிற்கு அருகில் பிறந்தார். தந்தை வழக்கறிஞர். இளமையிலேயே பனிச்சறுக்கில் தேர்ந்த நான்சென், காடுகளில் பல நாள் தனித்துத் திரிந்து பசியையும் குளிரையும் தாங்கப் பழகினார். இயற்கையின்மீது கொண்ட ஈடுபாடு அவரைப் பல்கலைக்கழகத்தில் விலங்கியல் பயிலச் செய்தது.

1882ஆம் ஆண்டு, சீல்களை வேட்டையாடச் சென்ற 'வைக்கிங்' என்னும் கப்பலில் மாணவராக அவர் வடகடலுக்குச் சென்றார். அக்கப்பல் கிரீன்லாந்துக்கு அருகே பல நாள்கள் பனியில் சிக்கிக்கொண்டது. ஏனையோர் வேட்டை தடைபட்டதே என வருந்தினர். நான்செனோ நீரின் வெப்பநிலையை ஆழந்தோறும் அளந்தார். கடற்பனி அடியிலிருந்து மேலெழுவதில்லை, மேற்பரப்பிலேயே உருவாகிறது என்பதை உணர்ந்தார். மரங்களே இல்லாத அப்பகுதியின் பனியில் மரத்துண்டு ஒன்று மிதந்து வந்ததையும் கண்டார். அது எங்கிருந்து வந்தது என்னும் வினா அவர் உள்ளத்தில் தங்கிவிட்டது.

பின்னர் பெர்கன் நகர அருங்காட்சியகத்தில் பணியேற்று, கடல்வாழ் உயிரினங்களின் நரம்பு மண்டலத்தை ஆராய்ந்து 1888இல் முனைவர் பட்டம் பெற்றார். அவ்வாண்டிலேயே ஐந்து தோழர்களுடன் கிரீன்லாந்தின் பனிப்பரப்பைக் கிழக்கிலிருந்து மேற்காக, வரலாற்றில் முதன்முறையாகக் கடந்தார். மக்கள் வாழும் மேற்குக் கரையிலிருந்து புறப்படுவதே பாதுகாப்பானது எனப் பலரும் கருதினர். நான்சென் ஆளற்ற கிழக்குக் கரையிலிருந்து புறப்பட்டார். பின்வாங்க வழியில்லாதபோது முன்செல்வது ஒன்றே வழியாகும் என்பது அவர் கணக்கு. அந்தக் குளிர்காலத்தை அங்கேயே கழித்து, இனுவிட் மக்களிடம் கயாக் என்னும் தோற்படகைச் செலுத்தக் கற்றுக்கொண்டார். பிற்காலத்தில் அவர் உயிரைக் காத்தவற்றுள் இக்கல்வியும் ஒன்று.

சிதைந்த கப்பலின் சான்று

அமெரிக்காவைச் சேர்ந்த 'ஜீனெட்' என்னும் ஆய்வுக்கப்பல் 1881இல் சைபீரியாவிற்கு வடக்கே பனியில் நசுங்கி மூழ்கியது. மூன்றாண்டுகள் கழித்து, அதன் எஞ்சிய பொருள்கள் சில கிரீன்லாந்தின் தென்மேற்குக் கரையில் கண்டெடுக்கப்பட்டன. கப்பல் தலைவர் கையொப்பமிட்ட உணவுப்பட்டியலும், மாலுமி ஒருவரின் பெயர் பொறித்த காற்சட்டையும் அவற்றுள் இருந்தன. ஆர்க்டிக்கின் ஒரு புறத்தில் மூழ்கிய கப்பலின் பொருள்கள் மறுபுறத்தை அடைந்தது எவ்வாறு?

நான்சென் மேலும் சான்றுகளைத் திரட்டினார். சைபீரியாவில் வளரும் மரங்கள் கிரீன்லாந்தில் கரையொதுங்கின. அலாஸ்கா மக்கள் பயன்படுத்தும் எறிகோல் ஒன்றும் அங்குக் கிடைத்தது. கிரீன்லாந்தை ஒட்டிய பனிப்பாளங்களில் படிந்திருந்த டயாட்டம் என்னும் நுண்பாசிகள், பேரிங் நீரிணைப் பகுதியின் நுண்பாசிகளை ஒத்திருந்தன. இவை யாவும் ஒன்றையே சுட்டின: சைபீரியாவிலிருந்து துருவப் பகுதி வழியாகக் கிரீன்லாந்தை நோக்கிப் பனி நகர்ந்துகொண்டிருக்கிறது.

அதுவரை ஆய்வாளர்கள் பனியைப் பகையாகவே கருதினர். அதை உடைத்துச் செல்ல முயன்று கப்பல்களை இழந்தனர். நான்சென் வேறு வழியை முன்மொழிந்தார். உறுதியான கலம் ஒன்றைச் சைபீரியக் கடலின் பனியில் வேண்டுமென்றே உறையவிடுவது, பின் பனியின் போக்கிலேயே துருவப் பகுதியைக் கடப்பது என்பதே அத்திட்டம். 1892இல் இலண்டன் புவியியல் கழகத்தில் இதனை அவர் விளக்கியபோது, துருவப் பயணங்களில் மூத்த அறிஞர் பலர் மறுத்தனர். எந்தக் கப்பலும் பனியின் அழுத்தத்தைத் தாங்காது என்றும், அவர் கூறும் நீரோட்டமே ஐயத்திற்குரியது என்றும் வாதிட்டனர். அவர்கள் அஞ்சியதற்குக் காரணம் இருந்தது. ஜீனெட் பயணத்தில் இருபது பேர் மாண்டிருந்தனர். எனினும் நார்வே நாடாளுமன்றம் பொருளுதவி அளித்தது. மன்னரும் மக்களும் நிதி வழங்கினர்.

பனியோடு ஒரு பயணம்

கப்பற்கட்டுநர் காலின் ஆர்ச்சர் வடிவமைத்த அக்கலத்திற்கு 'ஃபிராம்' எனப் பெயரிடப்பட்டது. 'முன்னோக்கி' என்பது அதன் பொருள். கலத்தின் அடிப்பகுதி உருண்டையாக அமைக்கப்பட்டது. பனி இருபுறமும் நெருக்கும்போது கலம் நசுங்காமல் வழுக்கி மேலெழ வேண்டும் என்பதே அதன் நோக்கம். பக்கச் சுவர்கள் அரை மீட்டருக்கும் மேல் தடிப்புக் கொண்டிருந்தன. ஐந்து ஆண்டுகளுக்கான உணவும், மின்விளக்குகளுக்கு ஆற்றல் தரக் காற்றாலை ஒன்றும் கலத்தில் இருந்தன. 1893 ஜூன் 24ஆம் நாள் ஃபிராம் புறப்பட்டது. செப்டம்பர் 22ஆம் நாள் சைபீரியாவின் வடக்கே பனியில் உறைந்தது.

தொடக்கத்தில் பனி வடக்கே செல்லாமல் தெற்கேயும் அலைந்தது. பல வாரங்கள் கழிந்தபின் கணக்கிட்டபோது, கலம் புறப்பட்ட இடத்திற்கே ஏறத்தாழத் திரும்பியிருந்தது. பின்னர் மெல்ல மெல்ல வடமேற்குத் திசையில் நகர்ந்தது. 1895 ஜனவரியில் பெரும் பனிமேடு ஒன்று கலத்தின்மீது சரிந்தது. உணவுப்பொருள்களைப் பனிமேல் இறக்கிவைத்து, கலத்தைக் கைவிடவும் அனைவரும் ஆயத்தமாயினர். ஆயினும் ஃபிராம் நசுங்கவில்லை. ஆர்ச்சர் எண்ணியவாறே பனியின் பிடியிலிருந்து மேலெழுந்தது.

கலம் துருவத்தின் மீது செல்லாது என்பது தெளிவானதும், நான்சென் 1895 மார்ச் 14ஆம் நாள் ஒரேயொரு துணைவருடன் நடந்து புறப்பட்டார். அத்துணைவர் ஹியால்மர் ஜொஹான்சென். கலத்தில் வேறு பணியிடம் இல்லாமையால் கொதிகலனுக்குக் கரியிடும் பணியேற்று வந்தவர். 28 நாய்கள், மூன்று சறுக்குவண்டிகள், இரண்டு கயாக் படகுகள் ஆகியவற்றுடன் இருவரும் சென்றனர். ஏப்ரல் தொடக்கத்தில் வட அட்சம் 86° 14' என்னும் இடத்தை எட்டினர். அதுவரை எந்த மனிதரும் அவ்வளவு வடக்கே சென்றதில்லை. ஆனால் பனி கரடுமுரடாய் இருந்தது. அவர்கள் வடக்கே நடக்க நடக்க, அவர்களைத் தாங்கிய பனியோ தெற்கே நகர்ந்தது. துருவம் இன்னும் ஏறத்தாழ 420 கிலோமீட்டர் தொலைவில் இருந்தபோது நான்சென் திரும்ப முடிவு செய்தார்.

திரும்பும் வழி எளிதாக இல்லை. கலம் எங்கோ நகர்ந்துவிட்டது. அதைத் தேடிச் செல்ல இயலாது. கடிகாரங்கள் நின்றுபோனதால் தாம் இருக்கும் இடத்தையும் துல்லியமாக அறிய முடியவில்லை. மற்ற நாய்களின் உணவிற்காக நாய்களை ஒவ்வொன்றாகக் கொல்ல நேர்ந்தது. ஃபிரான்ஸ் ஜோசப் தீவுக்கூட்டத்தை அடைந்த இருவரும், கல்லும் பாசியும் வால்ரஸ் தோலும் கொண்டு அமைத்த சிறு குடிலில், பனிக்கரடியின் இறைச்சியை உண்டு நெடிய குளிர்காலத்தைக் கழித்தனர். மறு ஆண்டு படகுகள் இரண்டும் கரையிலிருந்து விலகி மிதந்து சென்றபோது, நான்சென் உறைபனி நீரில் குதித்து நீந்தி அவற்றை மீட்டார். 1896 ஜூன் மாதம் ஆங்கிலேய ஆய்வாளர் ஃபிரெடரிக் ஜாக்சனைத் தற்செயலாகச் சந்தித்தமையால் நாடு திரும்பினர். நான்சென் நார்வேயின் கரையை மிதித்தது ஆகஸ்ட் 13ஆம் நாள். அதே நாளில், தலைவர் ஆட்டோ ஸ்வெர்த்ரூப்பின் பொறுப்பில் இருந்த ஃபிராம், பனியிலிருந்து விடுபட்டுத் திறந்த கடலை அடைந்தது. பதின்மூவரும் உயிருடன் மீண்டனர்.

கடல் அளித்த விடைகள்

துருவத்தை நான்சென் அடையவில்லை. ஆனால் மூன்றாண்டுகளாகத் தொடர்ந்து எடுக்கப்பட்ட அளவீடுகள் கடலியலின் போக்கையே மாற்றின. ஆர்க்டிக் ஆழமற்ற கடல் என்று நம்பியே அவர்கள் சென்றனர். கொண்டுசென்ற அளவுக்கயிறு அடியை எட்டவில்லை. கப்பலின் எஃகு வடத்தைப் புரிபிரித்துப் புதிய கயிறு திரித்து அளந்தபோது, ஆழம் 3,000 மீட்டரைத் தாண்டியது. மேலே குளிர்ந்த, உப்புக் குறைந்த நீரும், அதன்கீழ் அட்லாண்டிக்கிலிருந்து வந்த, சற்று வெப்பமான, உப்பு மிகுந்த நீரும் அடுக்கடுக்காக இருப்பது தெரியவந்தது.

பனி காற்றின் திசையிலேயே நகராமல் 20 முதல் 40 பாகை வரை வலப்புறம் விலகிச் செல்வதை நான்சென் கண்டார். புவியின் சுழற்சியே இதற்குக் காரணம் என உய்த்துணர்ந்தார். அவர் தூண்டுதலால் இதனைக் கணித வழியில் விளக்கியவர் சுவீடன் நாட்டு அறிஞர் எக்மன். கரையோர மேல்நீரைக் காற்று கடலுக்குள் தள்ளும் இடங்களில், அதனை ஈடுசெய்ய அடியாழத்துக் குளிர்ந்த நீர் மேலெழுவதும் இவ்விதியால் விளங்கியது. அந்நீர் கொணரும் சத்துப்பொருள்களால் மிதவை நுண்ணுயிர்கள் பெருகுகின்றன. அவற்றை உண்டு மீன்வளம் செழிக்கிறது. பெரு நாட்டுக் கரையிலும், தென்மேற்குப் பருவக்காற்றுக் காலத்தில் கேரளக் கரையிலும் மீன்வளம் மிகுவதற்கு இந்த மேலெழுச்சி ஒரு முதன்மைக் காரணமாகும்.

உயிரற்றது எனக் கருதப்பட்ட பனியிலும் அவர் உயிரைக் கண்டார். கோடையில் பனிமேல் தேங்கிய குட்டைகளின் பழுப்புநிறப் படிவை நுண்ணோக்கியில் ஆராய்ந்தபோது, அதில் நுண்பாசிகள் நிறைந்திருந்தன. பனியை ஒட்டி வளரும் இத்தகைய பாசிகளைச் சிற்றுயிர்களும், அவற்றை மீன்களும், மீன்களைச் சீல்களும், சீல்களைப் பனிக்கரடிகளும் உண்கின்றன. பனிக்கரடியின் வாழ்வு கண்ணுக்குத் தெரியாத பாசியையும் சார்ந்துள்ளது.

1908இல் நான்சென் கடலியல் பேராசிரியரானார். குறித்த ஆழத்தில் நீரை முகந்து வெப்பநிலையுடன் மேலே கொணரும் கருவியை அவர் செம்மைப்படுத்தினார். 'நான்சென் குடுவை' எனப்படும் அது, இருபதாம் நூற்றாண்டின் பெரும்பகுதி ஆய்வுக்கப்பல்களில் பயன்பட்டது. தென்துருவத்தை அடையும் விருப்பம் அவருக்கும் இருந்தது. ஆயினும் ஃபிராமை ஆமுன்சனுக்கு விட்டுக்கொடுத்தார். அக்கலத்தில் சென்றே ஆமுன்சன் 1911இல் தென்துருவத்தை முதன்முதலில் அடைந்தார்.

நாடற்றோரின் துணைவர்

முதல் உலகப்போர் ஓய்ந்தபோது, இலட்சக்கணக்கான போர்க்கைதிகள் அயல்நாடுகளில் பசியாலும் நோயாலும் வாடினர். 1920இல் உலக நாடுகள் சங்கம் அவர்களை மீட்கும் பொறுப்பை நான்செனிடம் அளித்தது. இரண்டாண்டுகளில் ஏறத்தாழ 4,30,000 பேர் வீடு திரும்பினர். ரஷ்யாவின் வால்கா ஆற்றுப் பகுதியில் கொடும்பஞ்சம் நிலவியபோது, அரசுகளிடம் உதவி கோரினார். அரசியல் பகையால் அவை மறுத்தன. நான்சென் மனம் தளராமல் மக்களை நேரடியாக நாடி, ஊர் ஊராகப் பேசி நிதி திரட்டினார்.

நாட்டை இழந்தோர் எல்லை கடக்கவும் வேலை தேடவும் அடையாளச் சான்று இன்றித் தவித்தனர். அவர்களுக்காக 1922இல் ஓர் ஆவணம் உருவாக்கப்பட்டது. 'நான்சென் கடவுச்சீட்டு' என வழங்கிய அதனை ஐம்பதுக்கும் மேற்பட்ட நாடுகள் ஏற்றன. அவ்வாண்டு அமைதிக்கான நோபல் பரிசு அவருக்கு வழங்கப்பட்டது. பரிசுத்தொகையை அவர் நிவாரணப் பணிகளுக்கே அளித்தார். எல்லா முயற்சிகளும் கைகூடவில்லை. ஆர்மீனிய அகதிகளைக் குடியமர்த்த அவர் வகுத்த திட்டத்திற்குத் தேவையான நிதி கிடைக்கவில்லை. எனினும் இறுதிவரை அம்மக்களுக்காக அவர் வாதாடினார்.

1930 மே 13ஆம் நாள் நான்சென் தம் இல்லத்தில் காலமானார். அவரது ஃபிராம் இன்றும் ஆஸ்லோ அருங்காட்சியகத்தில் காக்கப்படுகிறது. 2019இல் 'போலார்ஸ்டெர்ன்' என்னும் ஜெர்மானிய ஆய்வுக்கப்பல், அவர் காட்டிய முறையிலேயே பனியில் உறைந்து ஆர்க்டிக்கைக் கடந்தது. அதனைச் சூழ்ந்திருந்த பனி, ஃபிராமைச் சூழ்ந்திருந்த பனியைவிட மெலிந்திருந்தது, வேகமாகவும் நகர்ந்தது. துருவக்கடல் எவ்வளவு மாறிவிட்டது என்பதை இன்று ஒப்பிட்டு அறிய முடிவதற்கு, அன்று பதின்மூவர் இருளிலும் குளிரிலும் இடைவிடாது எழுதிவைத்த அளவீடுகளும் துணைநிற்கின்றன.