சவுதார் குளமும் 17-ஆவது விதியும்

1891 ஏப்ரல் 14-இல் மாவ் படை முகாமில் பிறந்த அண்ணல் அம்பேத்கர் பெற்ற பட்டங்களை நம் இளைஞர் அறிவர். தாக்கப்பட்டோர்க்குச் சட்டத்தில் இடம் தேடிய அவரது வரலாற்றை அத்துணை அறியார்.

1927 மார்ச் 20 அன்று மகாத் நகரின் சவுதார் குளத்தில் அவர் மக்களுடன் நீர் அருந்தினார். கோயிலுள் நுழையப் போகின்றனர் என்ற பொய்யுரை பரவவே, மாநாட்டுக்கு வந்தோர் தடியால் தாக்கப்பட்டனர். கொதித்தெழுந்த தம் மக்களை அண்ணல் அடக்கி நிறுத்தினார். அவ்வாண்டு டிசம்பரில் பிரதிவாதியாக நிறுத்தப்பட்டவரோ அவரே! குளம் தங்கள் உடைமை எனச் சாதி இந்துக்கள் வழக்கிட்டு இடைக்காலத் தடையும் பெற்றனர். குளத்தைப் பொதுவென அறிவித்த நகராட்சித் தீர்மானம் முன்னரே இருந்தது. அதனை மீறியோரைத் தண்டிக்கும் வலிமை அத்தீர்மானத்துக்கு இல்லை. உயர் நீதிமன்றத்தில் வெற்றி கிட்ட 1937 ஆயிற்று.

1947 ஆகஸ்டில் அவர் அரசியல் சட்ட வரைவுக் குழுவின் தலைவரானார். அச்சட்டத்தின் 17-ஆவது விதி தீண்டாமையை ஒழித்ததோடு நில்லாமல், அதன்பேரில் இழைக்கும் இடையூற்றைத் தண்டனைக்குரிய குற்றமாக்கிற்று. உரிமை பறிபோனால் நேரே உச்ச நீதிமன்றத்தை நாட 32-ஆவது விதி வழி திறந்தது.

1955-இல் தீண்டாமைக் குற்றச் சட்டம் வந்தது. 1956 டிசம்பர் 6-இல் அண்ணல் மறைந்தார். 1989-இல் வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் பிறந்தது. 2015-ஆம் ஆண்டுத் திருத்தம் பாதிக்கப்பட்டோர், சாட்சிகள் உரிமைக்கெனத் தனி இயலையே அதில் சேர்த்தது. குற்றவாளி பிணை கேட்கும்போதும் தம் தரப்பை எடுத்துரைக்கும் உரிமை அதனால் அவர்க்கு உண்டு.