கல்லணையிடம் கற்றவர்

விருத்தாசலத்தின் வழியே ஓடும் மணிமுத்தாறு கிழக்கே சென்று வெள்ளாற்றில் கலக்கிறது. அவ்வெள்ளாற்றுக்குத் தெற்கே, காட்டுமன்னார்கோயிலை ஒட்டி நீண்டு கிடக்கிறது வீராணம் ஏரி. முதலாம் பராந்தக சோழன் காலத்தில் உருவான இவ்வேரி, மழையை மட்டும் நம்பியதன்று. கொள்ளிடத்திலிருந்து வடவாறு கொணரும் நீரே அதன் முதன்மை வரத்து. கொள்ளிடத்தில் நீர் தாழ்ந்தால் ஏரி வறளும்; ஏரியை நம்பிய வயல்கள் தரிசாகும். ஆயிரம் ஆண்டுப் பழமையுடைய அவ்வேரிக்கு நீர்வரத்தை உறுதிசெய்த பொறியாளர் ஆர்தர் காட்டன்.

1803ஆம் ஆண்டு இங்கிலாந்தில் பிறந்த காட்டன், தம் 18ஆம் அகவையில் கிழக்கிந்தியக் கும்பினியின் பொறியாளராகச் சென்னைக்கு வந்தார். காவிரிப் பாசனப் பொறுப்பு அவரிடம் வந்தபோது தஞ்சை நிலம் நலிந்துகொண்டிருந்தது. திருச்சிராப்பள்ளிக்கு மேற்கே, முக்கொம்பில் ஆறு இரண்டாகப் பிரிகிறது. சரிவு மிகுந்த கொள்ளிடம் பெரும்பங்கு நீரை ஈர்த்துக்கொள்ள, காவிரி மணல் மேடிட்டது. விளைச்சல் குன்றினால் வரி குன்றுமே என்பது கும்பினியின் கவலை. உழவர்க்கோ அது வாழ்வா சாவா என்னும் கேள்வி.

காட்டன் கல்லணையை ஆராய்ந்தார். ஆழங்காண இயலாத ஆற்றுமணலில், பாறையின் துணையின்றி ஓர் அணை எவ்வாறு நூற்றாண்டுகளாக நிற்கிறது? மணல்மீது இட்ட பெருங்கற்கள், அடிமணல் அரிக்கப்பட அரிக்கப்படக் கீழிறங்கும். அவற்றின்மேல் மீண்டும் மீண்டும் கற்களை இட்டுவந்தால், ஒரு நிலையில் அவை அசையாது நின்றுவிடும். கற்களிடையே களிமண்ணே பிணைப்பு. இந்நுட்பத்தைப் பெயரறியாத் தமிழகக் கட்டுநரிடமிருந்தே தாம் கற்றதாகக் காட்டன் ஒளிவின்றி எழுதினார். ஆள்வோர் ஆளப்படுவோரை ஆசிரியராக ஏற்பது அந்நாளில் அரிது.

கல்லணையில் மணற்போக்கிகளை அமைத்த அவர், முக்கொம்பில் கொள்ளிடத்தின் குறுக்கே மேலணையைக் கட்டினார். காவிரிக்கு நீர் கிடைத்தது. ஆயின், அதே அணையால் கீழ்க்கொள்ளிடத்தில் நீர் குறையும்; வடவாறும் வீராணமும் வாடும். தஞ்சை பெறுவது தென்னார்க்காடு இழப்பதாகிவிடலாகாது. எனவே அணைக்கரையில் கீழணையும் எழுந்தது. இரண்டு அணைகளும் 1836இல் கட்டப்பெற்றவை. அப்போது காட்டனுக்கு வயது 33.

உடல்நலம் குன்றிச் சில ஆண்டுகள் ஆஸ்திரேலியப் பகுதியில் தங்கித் திரும்பியவர், கல்லணையில் கற்ற பாடத்தைக் கோதாவரிக்குக் கொண்டுசென்றார். 1847இல் தொடங்கிய தவளேசுவரம் அணை 1852இல் நிறைவுற்றது. முதுமையிலும் அவர் ஓயவில்லை. இருப்புப்பாதைக்கு வாரி வழங்கும் அரசு வாய்க்கால்களைப் புறக்கணிக்கிறது என்று வாதிட்டு, 1878இல் நாடாளுமன்றக் குழுவின்முன் தம் கருத்தை எடுத்துரைத்தார், அது ஏற்கப்படவில்லை.

1899இல், தம் 96ஆம் வயதில் காட்டன் மறைந்தார். கீழணையில் தேங்கும் நீர் வடவாற்றின் வழியே இன்றும் வீராணத்தை அடைகிறது. அதில் ஒரு பகுதி இப்போது குழாய்வழியே சென்னைக்கும் செல்கிறது.