ஹம்மல் அம்மையார்

நவராத்திரிக் காலத்தில், எம் விளாங்குடியிலிருந்து சில கல் தொலைவிலுள்ள விளாச்சேரிக்குக் கொலுப் பொம்மை வாங்கச் செல்வார் பலர். அவர் பொம்மையின் முகத்தை நோக்கி விலை பேசுவரேயன்றி, செய்தார் இன்னாரென வினவுதல் அரிது. ஜெர்மனி தேசத்துப் பொம்மைகளுள் ஒருவகையினையோ, வல்லார் முதற்கண் தலைகீழாகத் திருப்பி அதன் அடியையே நோக்குவர். ஆங்கு ஒரு கன்னிகாஸ்திரீயின் பெயர் கீறப்பட்டிருக்கும். அவர் வரலாற்றை ஈண்டுச் சுருக்கி உரைப்பாம்.

பெர்த்தா ஹம்மல் என்பார் 1909ஆம் ஆண்டு மே மாதம் 21ஆம் நாள், பவேரியா நாட்டு மாஸிங் என்னும் சிற்றூரில் ஒரு வணிகர் மகளாய்ப் பிறந்தார். இளமையிலேயே சித்திரம் வரைதலிற் பெருவிருப்பங் கொண்டு, 1927 முதல் 1931 வரை மியூனிக் நகரத்துக் கலைக் கழகத்தில் அதனை முறையாகப் பயின்றார். புகழும் பொருளும் எய்தும் வாயில் திறந்திருந்த அந்நாளில், அவர் ஸீஸென் என்னுமிடத்துப் பிரான்சிஸ்கன் மடத்திற் சேர்ந்து துறவு பூண்டார். மரியா இன்னொசென்ஷியா என்பது ஆங்கு அவர் பெற்ற பெயர்.

மடத்திலும் அவர் தூரிகையைத் துறந்திலர். குழந்தைகட்குச் சித்திரம் கற்பித்தார். அவர்களையே படங்களாகவும் தீட்டினார். குடை பிடிக்குஞ் சிறுமி, ஆடு மேய்க்குஞ் சிறுவன் முதலிய அப்படங்கள் அஞ்சலட்டைகளாக வெளிவந்தன. அவற்றைக் கண்ட பிரான்ஸ் கோபெல் என்னும் ஆலைத் தலைவர், அவ்வுருவங்களைப் பொம்மைகளாகச் செய்ய இசைவு வேண்டினார். புதிய பொம்மை ஒவ்வொன்றையும் மடத்தார் ஒப்புக்கொண்ட பின்னரே விற்பனைக்கு விடுதல் வேண்டுமென்பது உடன்படிக்கை. ஆர்தர் மோலர், ரைன்ஹோல்ட் உங்கர் என்னும் சிற்பிகள் அவற்றை நுண்ணிய மட்பாண்டத்தில் வடித்தனர். 1935ஆம் ஆண்டு லைப்ஸிக் சந்தையில் அவை முதன்முதல் வைக்கப்பட்டன, வாங்குவார் மொய்த்தனர்.

ஆயின் அது ஹிட்லர் ஆண்ட காலம். வீரமும் வன்மையுமே விழைந்த நாஜிகள், வெள்ளையுள்ளங் கொண்ட இக்குழந்தைகளை உருச்சிதைந்தனவென்று தம் பத்திரிகையில் 1937ஆம் ஆண்டு இழித்தெழுதினர். எனினும், பிற நாடுகளில் அப்பொம்மைகள் ஈட்டிய பொருளை அவர்கள் வெறுத்திலர்! 1940ஆம் ஆண்டில் மடத்தைக் கைப்பற்றிக் கன்னியருட் பெரும்பாலாரை வெளியேற்றினர். வீடு சென்ற அம்மையார் சின்னாளில் மீண்டு வந்து, எஞ்சிய கன்னியருடன் குளிரிலும் பசியிலும் உழன்றார்; வரைதலையும் விட்டிலர். 1944ஆம் ஆண்டு அவரைக் காசநோய் பற்றியது. போர் முடிந்த மறு ஆண்டு, 1946 நவம்பர் 6ஆம் நாள், தம் 37ஆம் வயதில் மடத்திலேயே உயிர் நீத்தார்.

அவருக்குப் பின் பொம்மைகளின் புகழ் பெருகிற்று. ஜெர்மனியிற் பாளையமிறங்கிய அமெரிக்கப் போர்வீரர் அவற்றை வாங்கித் தம் மனைகட்கு விடுத்தனர். ஹம்மல் என்னுஞ் சொல் ஜெர்மன் மொழியில் ஒருவகைப் பெருந்தேனீயைக் குறிக்கும். ஆதலின் 1950ஆம் ஆண்டு முதல் ஆலையார் தம் முத்திரையில் தேனீ வடிவைச் சேர்த்து அவரை நினைவுகூர்ந்தனர். அதற்கு முற்பட்டவை முடி முத்திரை தாங்கியன. எனவே, பொம்மையின் காலத்தை அறிவார் முத்திரையை நோக்குவர். வார்ப்பு எண்ணையும், கீறிய கையொப்பத்தையும் ஒத்துப் பார்ப்பர். உடைந்து ஒட்டிய இடமும், பூச்சில் ஓடிய மயிரிழை வெடிப்பும் உண்டோவெனத் துருவி ஆராய்வர். முடி முத்திரையும் அரிய வார்ப்பும் குறையற்ற மேனியும் உடையன மிக்க விலை பெறும். பிற்காலத்துப் பொம்மைகளோ எண்ணிறந்தன. கொள்வார் அருகியமையின் அவற்றின் விலை பெரிதும் வீழ்ந்தது. கோபெல் ஆலையார் 2008ஆம் ஆண்டில் இவற்றைச் செய்தலை நிறுத்தினர்.

சந்தையின் மதிப்பு ஏறும், இறங்கும். வன்மையே வாழ்வென முழங்கிய அரசு பன்னிரண்டு ஆண்டிற் பொடியாயிற்று; அது பழித்த மண்குழந்தைகளோ இன்றும் நகைமுகத்தோடு நிற்கின்றன. கலை பயிலும் நண்பர்காள்! ஆள்வோர் இகழினும், அடுப்பு அணையினும், தாம் மெய்யென்று கண்ட அழகினை விடாது தீட்டிய உறுதியன்றோ அம்மையார் நமக்கு வைத்துச் சென்ற செல்வம்? அதற்கு விலை இடுவார் யார்?