பக்கவாதத்துக்கு மின்சார வைத்தியம்... ரிசல்ட்டை மறைக்காத பெஞ்சமின் ஃபிராங்க்ளின்!

பெஞ்சமின் ஃபிராங்க்ளின் என்றதும் நமக்கு ஞாபகம் வருவது, இடி மின்னலுக்கு நடுவே அவர் விட்ட பட்டம்தான். அமெரிக்காவின் 100 டாலர் நோட்டில் இருப்பதும் அவர் முகம்தான். ஆனால், கை கால் விளங்காமல் போனவர்களுக்கு அவர் மின்சாரத்தால் வைத்தியம் பார்த்த கதை அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. மூளைக்கும் நரம்புக்கும் மின்தூண்டல் கொடுக்கிற சிகிச்சைகளின் க்ளினிக்கல் ட்ரையலில் சேரலாமா, வேண்டாமா என்று யோசிக்கிறவர்களுக்கு, 270 வருடத்துக்கு முந்தைய அந்தக் கதையில் விஷயம் இருக்கிறது.

1706 ஜனவரி 17-ம் தேதி பாஸ்டனில் பிறந்தவர் ஃபிராங்க்ளின். அப்பா சோப்பும் மெழுகுவத்தியும் செய்து விற்றவர். வீட்டில் மொத்தம் 17 பிள்ளைகள். பத்து வயதோடு படிப்பு முடிந்துபோனது. 12 வயதில் அண்ணன் ஜேம்ஸின் அச்சகத்தில் வேலை பழகப் போனார். அண்ணனோடு ஒத்துப்போகவில்லை. 17 வயதில் வீட்டை விட்டுக் கிளம்பி ஃபிலடெல்ஃபியா போய்ச் சேர்ந்தார். அச்சகம், பத்திரிகை, வருடா வருடம் போட்ட பஞ்சாங்கம் என்று எல்லாமே கைகொடுத்தன. 42 வயதிலேயே தொழிலிலிருந்து ஒதுங்கும் அளவுக்கு வசதி வந்துவிட்டது.

நடுவில் ஒரு பெரிய இடி. 1736-ல் நாலு வயது மகன் ஃபிரான்சிஸ் பெரியம்மையில் இறந்துபோனான். அம்மைப்பால் குத்தியதால்தான் பிள்ளை செத்தான் என்று ஊரில் பேச்சு. உண்மையில் அவனுக்கு அது குத்தப்படவே இல்லை. இந்த வதந்தியால் மற்ற பெற்றோர்கள் பயந்துவிடக் கூடாதென்று, துக்கத்தோடு துக்கமாக, நடந்ததைத் தன் பத்திரிகையிலேயே அச்சடித்துச் சொன்னார் ஃபிராங்க்ளின். இந்தக் குணம்தான் பின்னால் மின்சார விஷயத்திலும் வேலை செய்தது.

1740-களின் நடுவில், மின்சாரத்தைக் கண்ணாடி ஜாடிக்குள் சேர்த்துவைக்கிற வித்தை ஐரோப்பாவில் கண்டுபிடிக்கப்பட்டது. அதற்கு லேடன் ஜாடி என்று பெயர். ஃபிராங்க்ளினுக்கு அந்தப் பைத்தியம் நன்றாகவே பிடித்துக்கொண்டது. 1750 டிசம்பரில், ஒரு வான்கோழியை ஷாக் கொடுத்துக் கொல்லப்போய், இரண்டு பெரிய ஜாடிகளின் மின்சாரம் அவர் உடம்பிலேயே பாய்ந்துவிட்டது. கை மரத்துப்போனது, நெஞ்செலும்பில் வலி. பிழைத்தது அதிர்ஷ்டம்!

அந்தச் சமயத்தில் இத்தாலியிலும் ஜெர்மனியிலும் மின்சாரத்தால் பெரிய பெரிய வியாதிகள் குணமானதாகப் பத்திரிகைகளில் செய்தி வந்தது. உடனே, பக்கவாதம் வந்தவர்களைப் பல ஊர்களிலிருந்து ஃபிராங்க்ளின் வீட்டுக்கு அழைத்து வர ஆரம்பித்துவிட்டார்கள். அவர் டாக்டர் இல்லை. ஆனாலும் வந்தவர்களைத் திருப்பி அனுப்ப மனசில்லை. நோயாளியை நாற்காலியில் உட்காரவைத்து, விளங்காத கையிலும் காலிலும் முதலில் தீப்பொறி பறக்கவிடுவார். பிறகு, ஆறு காலன் ஜாடிகள் இரண்டை முழுசாகச் சார்ஜ் செய்து ஷாக் கொடுப்பார். ஒரு நாளைக்குப் பெரும்பாலும் மூன்று தடவை.

பலன் தெரிந்தது. விளங்காத கை கால் சூடாவது போலிருந்தது. ராத்திரியில் சுருக் சுருக்கென்று குத்துவதாகச் சிலர் சொன்னார்கள். முதல் நாள் முழங்காலிலிருந்து கையைத் தூக்க முடியாதவர், அடுத்த நாள் நாலைந்து அங்குலம் தூக்கினார். ஐந்தாம் நாள் தலையிலிருந்த தொப்பியை மெதுவாகக் கழற்றினார். வீட்டுக்காரர்களுக்கு எவ்வளவு சந்தோஷமாக இருந்திருக்கும்!

ஆனால், ஐந்தாம் நாளோடு முன்னேற்றம் நின்றுவிட்டது. ஷாக்கின் வேதனையும் குறையவில்லை. மனசு விட்டுப்போய் ஊர் திரும்பியவர்களுக்கு, கொஞ்ச நாளில் பழைய நிலைமையே வந்துவிட்டது.

1757-ல் லண்டனில் ஜான் பிரிங்கிள் என்ற டாக்டருக்கு எழுதிய கடிதத்தில், நிரந்தரமாகக் குணமான ஒருவரைக்கூடத் தான் பார்க்கவில்லை என்று ஃபிராங்க்ளின் ஒப்புக்கொண்டார். அதோடு விடவில்லை. வந்த கொஞ்ச நஞ்ச பலனும் மின்சாரத்தால்தானா, தினமும் தன் வீட்டுக்கு நடந்து வந்த உடற்பயிற்சியாலா, குணமாகிவிடும் என்ற நம்பிக்கை கொடுத்த தெம்பாலா என்றும் சந்தேகப்பட்டார்.

அந்தச் சந்தேகத்துக்கு விடை தேடும் வாய்ப்பு 27 வருடம் கழித்து பிரான்ஸில் கிடைத்தது. அப்போது அவர் அங்கே அமெரிக்கத் தூதர். வயது 78. காந்த சக்தியால் எல்லா நோயையும் தீர்ப்பதாக மெஸ்மர் என்ற வைத்தியர் பாரிஸையே கலக்கிக்கொண்டிருந்தார். விசாரிக்கச் சொல்லி 1784-ல் மன்னர் பதினாறாம் லூயி ஒரு குழு போட்டார். தலைமை ஃபிராங்க்ளின், வேதியியல் மேதை லவாய்சியரும் அதில் இருந்தார். மெஸ்மரின் சீடர் ஒருவர், ஃபிராங்க்ளின் வீட்டுத் தோட்டத்தில் ஒரு ஆப்ரிகாட் மரத்துக்கு மட்டும் `சக்தி' ஏற்றினார். கண்ணைக் கட்டி அழைத்துவரப்பட்ட 12 வயதுப் பையன், சக்தி ஏற்றாத வேறு மரங்களைக் கட்டிப்பிடித்து, நாலாவது மரத்திலேயே மயங்கி விழுந்தான். வேலை செய்தது காந்தமல்ல, மனசு என்று குழு அறிக்கை கொடுத்தது.

இன்றைய மின்தூண்டல் ட்ரையல்களில் பாதிப் பேருக்கோ, சிலருக்கோ `ஷாம்' சிகிச்சை தருவது இதே காரணத்துக்காகத்தான். தலையில் கருவியை வைப்பார்கள், டக் டக் சத்தமும் கேட்கும். தூண்டல் மட்டும் போகாது. மூளைக்குள் கம்பி பொருத்தும் ட்ரையல்களிலும் இது உண்டு. தீவிர மனச்சோர்வுள்ள 90 பேருக்குக் கருவி பொருத்திய ஓர் ஆய்வின் முடிவு 2017-ல் வெளியானது. முதல் ஆறு மாதம் 30 பேருக்குக் கருவியை ஆன் செய்யவில்லை. ஆன் செய்த 60 பேருக்கும் இவர்களுக்கும் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. பிறகு எல்லோருக்கும் ஆன் செய்தபோது, நாளாக ஆக முன்னேறியவர்களும் இருந்தார்கள்.

அதனால், ட்ரையலில் சேர்கிறவர்கள் கையெழுத்துப் போடும் முன் சிலவற்றைக் கேட்டுவிடுங்கள். ஷாம் குழுவில் விழ எவ்வளவு வாய்ப்பு? பிறகு நிஜச் சிகிச்சை கிடைக்குமா? ட்ரையல் முடிந்ததும் பேட்டரி மாற்றும் செலவு யாருடையது? பக்கவிளைவு வந்தால் யார் பார்ப்பார்கள்? எப்போது வேண்டுமானாலும் விலகிக்கொள்ளும் உரிமை உங்களுக்கு உண்டு.

ஃபிராங்க்ளின் 1790 ஏப்ரல் 17-ம் தேதி, 84 வயதில் இறந்தார். அவரிடம் வந்த அந்தப் பக்கவாத நோயாளிகளில் பலரின் பெயர்கள்கூட நமக்குத் தெரியாது. குணமாகாமல் திரும்பிப் போனாலும், எது வேலை செய்யவில்லை என்பதை உலகத்துக்குச் சொன்னதில் அவர்களுக்கும் பங்கு உண்டு.